தீவுக்கும் காட்டுக்கும் ஒரே தண்ணீர்

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் மியாமியில் இருக்கும் மகள் கப்பல் டிக்கெட் எடுத்திருக்கிறாள். கரீபியன் தீவுகளைச் சுற்றி, தென் அமெரிக்கக் கரையோரமாக இறங்கி, அமேசான் ஆற்றுக்குள் ஏறி, காட்டு நடுவில் இருக்கும் மனாஸ் நகரம் வரை போகிற பயணம். அக்கா டீயை என் கையில் கொடுத்துவிட்டு வரைபடத்தை மேசையில் விரித்தார். "தீவு பாக்கறதும் சரி, ஆறு பாக்கறதும் சரி. ரெண்டையும் ஏன் ஒண்ணாக் கட்டியிருக்காங்க? அதோட, கடல்ல போற இத்தனை பெரிய கப்பல் ஆத்துக்குள்ள எப்படிப் போகும்?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. கப்பல் கம்பெனிக்காரர்கள் சேர்த்துக் கட்டுவதற்கு நெடுங்காலம் முன்பே இரண்டும் சேர்ந்துதான் இருந்தன. அமேசான் கடலில் கொட்டுகிற தண்ணீர் நேராக ஆப்பிரிக்காவைப் பார்த்துப் போய்விடுவதில்லை. அதில் பெரும்பங்கை வட பிரேசில் நீரோட்டம் கரையோரமாகவே வடமேற்குப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. பிரெஞ்சு கயானா, சுரினாம், கயானா என்று கரையை ஒட்டிப் போய், கடைசியில் அந்தத் தண்ணீர் தொடுகிற இடம் கரீபியன் தீவுகள். நீங்கள் போகிற கப்பல் தண்ணீர் வந்த வழியில் எதிர்த்துப் போகிறது, அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் வழியில் பார்க்கும் ஒவ்வொன்றும் அடுத்ததோடு ஒட்டும்.

ஆறு எவ்வளவு பெரிது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். நம் செய்தித்தாள் கணக்கிலேயே சொல்கிறேன். அமேசான் சராசரியாக வினாடிக்கு ஏறத்தாழ 70 லட்சம் கன அடி தண்ணீரைக் கடலில் விடுகிறது. மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டிஎம்சி. அமேசான் அந்த அளவைக் கடலில் கொட்ட நாலு மணி நேரம்கூட ஆகாது. உலகத்தில் ஆறுகள் எல்லாம் சேர்ந்து கடலுக்குக் கொடுக்கும் தண்ணீரில் ஐந்தில் ஒன்றோ ஆறில் ஒன்றோ இந்த ஒரே ஆற்றுடையது.

நன்னீர் உப்புநீரைவிட லேசு. அதனால் கடலில் விழுந்தவுடன் கலந்து காணாமல் போகாமல், மேலாக ஒரு படலம்போலப் பரவி மிதந்து போகிறது. ஆண்டின் நடுப்பகுதியில், ஆற்றில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது, 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் பார்படோஸைச் சுற்றிக் கடல் மேற்பரப்பின் உப்பு குறைவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். நீலக் கடல் கொஞ்சம் பச்சையாக மாறும். வெனிசுவேலாவின் ஒரினோக்கோ ஆறும் தன் பங்குக்குக் கிழக்குக் கரீபியனில் தண்ணீரைத் தள்ளுகிறது. 2011 முதல் இந்தத் தீவுகளின் கடற்கரைகளில் பழுப்பு நிறச் சர்காசம் பாசி குவியல் குவியலாக ஒதுங்குகிறது. அழுகினால் முட்டை நாற்றம் வீசும், ஓட்டல்காரர்கள் டிராக்டர் வைத்து அள்ளுகிறார்கள். அதன் காரணங்களில் ஒன்றாக அமேசான் கொண்டுவரும் சத்துகளையும் ஆய்வாளர்கள் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தீவுகளைப் பற்றி விளம்பரப் புத்தகமே போதுமான அளவு சொல்லிவிடும். ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னேன். செயின்ட் லூசியா, டொமினிக்கா, மார்த்தினிக் ஆகியவை எரிமலை எழுப்பிய தீவுகள், செங்குத்தான பச்சை மலைகள். பார்படோஸ் அந்த வரிசைக்கு வெளியே கிழக்கே தனியாக நிற்கிறது. அதன் மேல்பகுதி பெரும்பாலும் பவளச் சுண்ணாம்புப் பாறை. அதனால்தான் அங்கே மலையும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி ஆறும் இல்லை.

தண்ணீர் மட்டுமா வந்தது? மனிதர்களும் அந்த வழியில்தான் வந்தார்கள். கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே, ஒரினோக்கோ ஆற்றுப் பக்கத்திலிருந்து மரம் குடைந்த படகுகளில் குடும்பம் குடும்பமாகக் கிளம்பியவர்கள், தீவு தீவாக வடக்கே ஏறிக் குடியேறினார்கள். கையோடு மரவள்ளிக்கிழங்கையும் அதன் நஞ்சை எடுக்கும் வித்தையையும் கொண்டுவந்தார்கள். துருவி, நீளமான பின்னல் குழாயில் அடைத்து, தொங்கவிட்டு இழுத்து, நச்சுச் சாற்றைப் பிழிந்து, மாவைத் தட்டில் ரொட்டியாகச் சுடுவது. அந்தப் பின்னல் குழாயை அமேசான் கரைக் கிராமங்களில் இன்றும் பார்க்கலாம். சேலத்தில் ஜவ்வரிசியாகும் அதே கிழங்குதான். டொமினிக்காவின் கிழக்குக் கரையில் அந்தப் பழங்குடிகளின் வழிவந்த கலினாகோ மக்களுக்கு 1903 முதல் தனி நிலப்பகுதி இருக்கிறது. கப்பல் அங்கே நின்றால் கடைத்தெருவை விட்டுவிட்டு அங்கே போங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். மரம் குடைந்து படகு செய்யும் கை இன்னும் அங்கே இருக்கிறது.

மார்த்தினிக்கிலோ குவாதலூப்பிலோ நின்றால் வேறொரு வேலை இருக்கிறது. அடிமை முறை ஒழிந்த பிறகு பிரெஞ்சுக்காரர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை இந்தியாவிலிருந்து ஏற்றினார்கள். முதல் கப்பல் 1853-இல் மார்த்தினிக்கையும், 1854 டிசம்பரில் குவாதலூப்பையும் அடைந்தது. அடுத்த முப்பது முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேர். அதில் பெரும்பகுதி பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறிய நம் ஆட்கள். மொழி போய்விட்டது. பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் உருமாறிவிட்டன. ஆனால் மாரியம்மனும் மதுரை வீரனும் போகவில்லை. குவாதலூப்பின் காபெஸ்தேர் பகுதியில் சாங்கி என்ற இடத்தில் இருக்கும் கோயிலுக்கு உல்லாசப் பயணிகளே வேடிக்கை பார்க்கப் போகிறார்கள். அந்தத் தீவில் பிறந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வேண்டும் என்று ஆன்றி சிதம்பரம் என்பவர் 1904-இல் தொடங்கிய வழக்கு 1923 வரை இழுத்தது. சிதம்பரம் என்ற பெயரை அங்கே போய் உச்சரித்துப் பாருங்கள், யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

"சரி, தீவு முடிஞ்சுது. அப்புறம் இந்த மூணு புள்ளி என்ன?" அக்கா பிரெஞ்சு கயானாக் கரையருகே விரலை வைத்தார்.

அவை மீட்புத் தீவுகள். மூன்றில் ஒன்றுதான் உலகத்துக்கே தெரிந்த டெவில்ஸ் தீவு. 1852 முதல் பிரான்சின் கைதிக் குடியேற்றம், 1953-இல் முழுதாக மூடப்பட்டது. செய்யாத துரோகத்துக்காக ஆல்ஃபிரட் திரைஃபஸ் என்ற ராணுவ அதிகாரியை 1895-இலிருந்து 1899 வரை அங்கேதான் அடைத்து வைத்தார்கள். கப்பல் தள்ளி நங்கூரம் போடும். சிறுபடகில் ரொயால் தீவுக்குக் கூட்டிப்போவார்கள். டெவில்ஸ் தீவில் இறங்க அனுமதியில்லை, குறுகிய கடலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். எதிர்க்கரையில் கூரூ ராக்கெட் ஏவுதளம். ராக்கெட் கிளம்பும் நாளில் தீவுகளிலிருந்து ஆட்களை அப்புறப்படுத்திவிடுவார்கள்.

நீங்கள் அங்கே பார்க்க வேண்டியது கடலின் நிறம். மார்த்தினிக்கில் நீலமாக இருந்த கடல் இங்கே சேற்று நிறம். பயணிகள் பலர் ஏமாந்துபோகிறார்கள், படத்தில் இப்படி இல்லையே என்று. அது ஆண்டீஸ் மலையின் மண். அமேசான் ஆண்டுக்கு நூறு கோடி டன்னை ஒட்டிய வண்டலைக் கொண்டுவருகிறது. அதில் ஒரு பகுதி இந்தக் கரையோரமாகச் சேற்றுத் திட்டுகளாக நகர்கிறது. ஒவ்வொரு திட்டும் பத்து, இருபது, சில சமயம் ஐம்பது கிலோமீட்டர் நீளம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் நகரும். திட்டு வந்து நிற்கும் கரையில் அலை அடங்கிவிடும், சில ஆண்டுகளில் அலையாத்தி மரங்கள் காடாக முளைத்துவிடும். திட்டு நகர்ந்து போனதும் கடல் மறுபடி அறுக்கத் தொடங்கும், காடு சரிந்து விழும். அமேசான் வாயிலிருந்து ஒரினோக்கோ வரை சுமார் 1,500 கிலோமீட்டர் கரை முழுக்க இப்படித்தான் வாழ்கிறது. ஆற்றுக்குள் நுழைய இன்னும் ஒரு நாள் ஓட்டம் இருக்கும்போதே ஆறு உங்களை வந்து சந்தித்துவிட்டது.

1500-ஆம் ஆண்டு ஸ்பெயின் மாலுமி பின்சோன் இந்தப் பக்கம் வந்தபோது கரையே கண்ணில் படவில்லை. வாளியை இறக்கி மொண்டு பார்த்தால் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. அவர் அதற்கு இனிய நீர்க் கடல் என்று பொருள்படப் பெயர் வைத்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒரெயானா என்பவர் ஆண்டீஸ் பக்கமிருந்து ஆற்றோடு இறங்கி, 1542 ஆகஸ்டில் கடலுக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து எங்கே போய்ச் சேர்ந்தார் தெரியுமா? காட்டு மரத்தில் கட்டிய இரண்டு படகுகளில், கையில் திசைகாட்டியோ வரைபடமோ இல்லாமல், வெனிசுவேலாக் கரைக்கு எதிரே இருக்கும் கூபாகுவா தீவுக்கு. நீரோட்டமே கொண்டுபோய் விட்டது. உங்கள் டிக்கெட்டில் இருக்கும் வழியை அவர் தலைகீழாகப் போயிருக்கிறார்.

இப்போது கப்பல் எப்படி உள்ளே போகிறது என்பது. இதற்குத்தான் அக்கா இன்னொரு டம்ளர் டீ போட்டார்.

கப்பல் உப்புநீரிலிருந்து நன்னீருக்குள் நுழையும்போது முதலில் நடப்பது யார் கண்ணிலும் படாது. கப்பல் தாழ்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம். அதே எடையைத் தாங்க நன்னீரை அதிகமாக ஒதுக்கித் தள்ள வேண்டும். எட்டு மீட்டர் ஆழம் மூழ்கி வரும் கப்பல் பதினைந்து, இருபது சென்டிமீட்டர் கூடுதலாக மூழ்கும். துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பல்களின் பக்கவாட்டில் ஏணிபோலச் சில கோடுகளும் எழுத்துகளும் வரைந்திருப்பார்கள். அதில் உச்சியில் இருக்கும் கோட்டுக்குப் பக்கத்தில் டி.எஃப். என்று இருக்கும். வெப்பமண்டல நன்னீரில் அதுவரை மூழ்கலாம் என்று அர்த்தம். அந்தக் கோடு இந்த மாதிரி ஆற்றுக்காகவே போட்டது.

அடுத்தது வாயிலில் இருக்கும் மேடு. ஆறு கொண்டுவந்த மண் கடலைத் தொடும் இடத்தில் படிந்து, வடக்கு வாயிலில் ஆழம் குறைந்த திட்டாக நிற்கிறது. ஏறத்தாழ பதினொன்றரை மீட்டருக்கு மேல் மூழ்கும் கப்பல் அதைத் தாண்ட முடியாது. சோயா ஏற்றிவரும் பெரிய சரக்குக் கப்பல்கள் அலையேற்றத்துக்காகக் காத்துக் கிடப்பது இங்கேதான். உல்லாசக் கப்பல் பார்க்கத்தான் மாடமாளிகை, நீருக்குள் அதற்கு ஏழெட்டு மீட்டர் போதும். வயிறு பெருத்த சரக்குக் கப்பல் தவிக்கும் இடத்தை இது சுலபமாகக் கடந்துவிடும்.

மகாபா நகருக்குப் பக்கத்தில் ஃபசெந்தீன்யா என்ற இடத்தில் கப்பல் நிற்கும். படகில் வந்து ஆற்று பைலட்டுகள் ஏறுவார்கள். இங்கிருந்து மனாஸ் வரை கப்பலுக்கு வழி சொல்வது அவர்கள்தான். அமேசானின் அடிமணல் ஆண்டுதோறும் இடம் மாறுகிறது. போன வருஷம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வருஷம் திட்டு, போன வருஷத் தீவு இந்த வருஷம் பாதி கரைந்திருக்கும். அச்சடித்த வரைபடம் அதன் பின்னால் ஓடிப் பிடிக்க முடியாது. நீர் சுழிக்கும் விதத்தையும் கரை மரங்களையும் பார்த்துப் படித்த கண் வேண்டும். இரவில் ராடாரும் தேடுவிளக்கும். முழு மரங்கள் வேரோடு மிதந்து வரும். புல் முளைத்த பச்சைத் தெப்பங்கள் வரும், மேலே கொக்கு உட்கார்ந்திருக்கும். மகாபா நிலநடுக்கோட்டின் மேலேயே இருக்கும் ஊர் என்பதால் கப்பலில் ஒரு சடங்கும் நடக்கும். கடலரசன் வேஷம் கட்டி, கோடு கடப்பவர்களை மீனுக்கு முத்தம் கொடுக்கச் சொல்வார்கள். அக்கா சுத்த சைவம், முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

இன்னொன்று. கப்பல்கள் பெரும்பாலும் கடல்நீரைக் காய்ச்சியோ வடிகட்டியோதான் குடிநீர் தயாரிக்கின்றன. ஆற்றின் வண்டல் அந்தக் கருவிகளை அடைத்துவிடும் என்பதால், பல கப்பல்கள் கடலிலேயே தொட்டிகளை நிரப்பிக்கொண்டு உள்ளே வருகின்றன. உலகத்தின் மிகப் பெரிய நன்னீர் ஆற்றில் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்லி அறிவிப்பு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

"எவ்ளோ தூரம் உள்ள போகும்?" 

மனாஸ் கடலிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர். வழியில் ஒரு அணை இல்லை, மதகு இல்லை, அருவி இல்லை. கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் ஆறு சரிகிறது. கிட்டத்தட்டத் தட்டையான தரை. கடலின் ஏற்ற இறக்கத்தை ஓபிதோஸ் ஊர் வரை, அதாவது எண்ணூறு கிலோமீட்டர் உள்ளே கூட, நுட்பமாக அளந்தால் உணர முடிகிறது. ஆறு குறுகும் இடமும் அந்த ஓபிதோஸ்தான். அங்கே அகலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ஆழம் அறுபது மீட்டரைத் தாண்டும். அகலத்தில் குறைந்ததை ஆழத்தில் சரிக்கட்டிக்கொள்கிறது. 1866 வாக்கிலேயே லிவர்பூலிலிருந்து பூத் கம்பெனியின் நீராவிக் கப்பல்கள் இந்த ஆற்றுப் பக்கம் ஓடத் தொடங்கின. 1867-இல் பிரேசில் எல்லா நாட்டுக் கொடிகளுக்கும் ஆற்றைத் திறந்துவிட்டது. பின்னாளில் அதே கம்பெனி அமேசானில் ஆயிரம் மைல் என்று விளம்பரம் செய்து உல்லாசப் பயணிகளையும் ஏற்றியது. ஆகவே உங்கள் பயணம் புதுசு இல்லை, பழைய வழி.

சாந்தரேம் வந்ததும் இடதுபக்கம் தபஜோஸ் ஆறு சேரும். தெளிந்த நீலப்பச்சைத் தண்ணீர், அமேசானின் காவித் தண்ணீரோடு ஊருக்கு எதிரேயே உரசிக்கொண்டு ஓடும். இந்த தபஜோஸ் கரையைப் பார்க்கும்போது நாம் கொஞ்சம் நின்று நினைக்க வேண்டியது ஒன்று உண்டு. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் இங்கிருந்துதான் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் ஏற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். நூற்றுக்கு நாலு முளைத்தாலே அதிகம். முளைத்ததில் சுமார் 1,900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹா பக்கம் ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்டன. அடுத்த ஆண்டு சில கன்றுகள் சிங்கப்பூர் போயின. அதன் பிறகு மலாயாவில் தோட்டம் தோட்டமாக ரப்பர் வந்ததும், கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் பிடித்ததும், விடியலுக்கு முன் பெரட்டு என்ற ஆளெண்ணும் வரிசைக்கு எழுந்து பால்மரம் சீவிய நம் மூன்று தலைமுறையும் அந்தக் கன்றுகளின் பின்னால் வந்த கதை. 1913 வாக்கில் ஆசியத் தோட்ட ரப்பர் அமேசான் காட்டு ரப்பரை முந்தியது. இங்கே மனாஸில் ரப்பர் காசில் எரிந்த விளக்குகள் அணைந்தன.

"அங்கயே தோட்டம் போட்டிருக்கலாமே?" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்.

போட்டார்கள். ஹென்றி ஃபோர்டு 1928-இல் இதே தபஜோஸ் கரையில் ஃபோர்ட்லாந்தியா என்று ஒரு ஊரையே கட்டினார், பிறகு 1934-இல் பெல்தேராவில் இன்னொன்று. காட்டில் ரப்பர் மரம் ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளித்தான் நிற்கும். இலையைக் கருகவைக்கும் ஒரு பூஞ்சை அந்தக் காட்டிலேயே உண்டு. ஒரு மரத்தைப் பிடித்தால் அடுத்த ரப்பர் மரத்தைத் தேடிப் போவதற்குள் வேறு மரங்கள் குறுக்கே நிற்கும். தோட்டத்தில் வரிசையாக, கிளையோடு கிளை தொட நட்டவுடன் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆசியாவுக்குப் போனது விதை மட்டும், பூஞ்சை போகவில்லை. அதனால்தான் மலாயாவில் மரம் செழித்தது. ஃபோர்டு கம்பெனி 1945-இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டுப் போனது. தாய்மண்ணில் அந்த மரம் தோட்டமாக வளர மறுத்ததற்கு அது தன் பகையோடு சேர்ந்து வளர்ந்ததுதான் காரணம்.

அடுத்து போகா த வலேரியா என்ற சின்னக் கிராமத்தில் பல கப்பல்கள் நிற்கும். கால்மேல் நிற்கும் மரவீடுகள், ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம். ஊர் ஜனத்தைவிடக் கப்பல் ஜனம் பல மடங்கு. பிள்ளைகள் தேவாங்குபோல் மெல்ல நகரும் சோம்பல் விலங்கையோ, குட்டி முதலையையோ, கிளியையோ கையில் வைத்துக்கொண்டு படம் எடுக்க ஒரு டாலர் கேட்பார்கள். கொடுக்காதீர்கள் என்று கெஞ்சியே சொன்னேன். காட்டு விலங்கைப் பிடித்து வைப்பதை பிரேசிலின் 1998-ஆம் ஆண்டுச் சட்டமே குற்றம் என்கிறது. அந்த விலங்கு கைமாறிக் கைமாறிப் படும் பாடு பெரிது. அந்தப் பிள்ளைகள் மேல் தப்பில்லை, டாலர் நீட்டும் கைதான் அடுத்த குட்டியைக் காட்டிலிருந்து பிடித்துவர வைக்கிறது. கைவினைப் பொருள் வாங்குங்கள், படகு சவாரிக்குக் காசு கொடுங்கள், நோட்டுப் புத்தகம் கொண்டுபோய்ப் பள்ளியில் கொடுங்கள்.

பரின்தின்ஸ் ஊரில் ஜூன் கடைசியில் காளை மாட்டைச் சுற்றி ஒரு பெருவிழா. சிவப்புக் கட்சி கரன்தீதோ, நீலக் கட்சி கப்ரிச்சோசோ, ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கும். கப்பல் பருவம் அது இல்லை என்பதால் பயணிகளுக்குச் சுருக்கமாக ஆடிக் காட்டுவார்கள். அதுவும் பார்க்கத் தகுந்ததே.

மனாஸ் நெருங்கும்போது எந்த நேரமானாலும் எழுந்து மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். கப்பலின் ஒரு பக்கம் காவித் தண்ணீர், மறுபக்கம் கறுப்புத் தண்ணீர். நடுவே கோடு போட்டதுபோல எல்லை. கோட்டின் ஓரத்தில் நுரை வளையம் வளையமாகச் சுழலும், காவி நிறம் கறுப்புக்குள் கொத்துக் கொத்தாக நுழைந்து பின்வாங்கும். ஆனாலும் இரண்டும் ஆறு கிலோமீட்டர் போலக் கலக்காமல் ஓடும்.

கறுப்பு ரியோ நெக்ரோ. கையில் மொண்டால் கறுப்பு இல்லை, தெளிந்த செம்பழுப்பு. நாம் இப்போது குடிக்கும் டீயின் டிகாஷன்தான் அது. நெக்ரோ வரும் வழியெல்லாம் மிகப் பழைய, தேய்ந்துபோன பாறையும் மணலும். கரைத்துக்கொண்டு வர மண் இல்லை. மாதக்கணக்கில் வெள்ளத்தில் நிற்கும் காட்டின் இலைச்சருகு ஊறி இறங்கும் சாறு மட்டும்தான். அதனால் நீர் புளிப்புத்தன்மை கொண்டது, கொசுப் புழுக்கள் பிழைப்பது கஷ்டம். நெக்ரோ கரையில் கொசு குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம். காவி சோலிமோயெஸ், ஆண்டீஸிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வருவது. அது வேகமாக ஓடும், கொஞ்சம் குளிர்ச்சி, வண்டல் சுமப்பதால் கனம். நெக்ரோ மெதுவாக ஓடும், வெதுவெதுப்பு, லேசு. வேகமும் சூடும் கனமும் மூன்றும் வேறு என்பதால் உடனே கலக்க மறுக்கின்றன. சாந்தரேமில் பார்த்த தபஜோஸ் மூன்றாவது வகை, தெளிநீர். வெள்ளை (அதாவது இந்தக் காவி நீர்), கறுப்பு, தெளிவு என்று அமேசான் ஆறுகளை இப்படி வகை பிரித்துக் காட்டியவர் ஜெர்மன் அறிஞர் ஹரால்ட் சியோலி.

மனாஸில் எல்லோரும் 1896-இன் கடைசி நாளில் திறந்த நாடக அரங்கத்தைப் பார்க்கப் போவார்கள், 36,000 ஓடு பதித்த குவிமாடம். ரப்பர் காசு கட்டியது. அந்த ரப்பருக்காகக் காட்டில் கடனில் சிக்கிச் செத்தவர்களுக்கு அங்கே கணக்கில்லை. எனக்கு அதைவிடப் பிடித்தது கப்பல் அணையும் துறை. ஆங்கிலேயர்கள் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டிய மிதவைத் துறை. ஆற்று மட்டம் ஆண்டுக்குப் பத்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவதால் நிலையான துறை கட்டிப் பயனில்லை. துறையே ஆற்றோடு ஏறி இறங்க வேண்டும். பக்கத்துச் சுவரில் ஆண்டாண்டு வெள்ளத்தின் உச்சமட்டத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். கணக்கு 1902-இல் தொடங்குகிறது.

அந்தக் கணக்கு இப்போது பயமுறுத்துகிறது. 2021 ஜூனில் மட்டம் 30 மீட்டரைத் தாண்டியது, அதுவரை காணாத உயரம். இரண்டே ஆண்டில், 2023 அக்டோபரில், 12.70 மீட்டருக்கு இறங்கியது, அதுவரை காணாத பள்ளம். 2024-இல் அதற்கும் கீழே போனது. இந்த இரண்டு வறட்சிகளின்போது, தெஃபே ஏரியில் தண்ணீர் உடல் தாங்க முடியாத அளவுக்குச் சூடாகி நூற்றுக்கும் மேற்பட்ட ஆற்று ஓங்கில்கள் செத்து ஒதுங்கின. கண்டெய்னர் கப்பல்கள் மனாஸ் வரை ஏற முடியாமல், கீழே இதகோச்சியாரா ஊரில் தற்காலிக மிதவைத் துறை போட்டுச் சரக்கை மாற்றினார்கள். இரண்டு நீரும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், நீர் வற்றிய பாறைகளில் ஆயிரம் ஆண்டுக்கும் முந்தைய மனித முகங்கள் செதுக்கியிருப்பது வெளியே தெரிந்தது. ஆறு இவ்வளவு இறங்கிய காலத்தில்தான் யாரோ அங்கே உட்கார்ந்து செதுக்கியிருக்க முடியும். தீவில் உப்பு குறைவதும் கயானாவில் சேறு நகர்வதும் இந்த ஆற்றின் மூச்சுதான் என்றால், மூச்சு இப்படித் திணறுவது வழி முழுக்கத் தெரியாமல் போகாது.

அக்கா கடைசியாகக் கேட்டது எந்த மாதம் போவது என்று. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. மழை இருக்கும், குடை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஆறு ஏறிக்கொண்டிருக்கும், சின்னப் படகில் மரங்களுக்கு நடுவே காட்டுக்குள்ளேயே போகலாம். அக்டோபர், நவம்பரில் நீர் மிகத் தாழ்வு.

அதைவிட முக்கியம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரெஞ்சு கயானாவில் அந்தச் சான்று இல்லாமல் விடமாட்டார்கள். பிரேசிலிலிருந்து நேராக நம் நாட்டுக்குத் திரும்பும்போதும் விமான நிலையத்தில் அந்த மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் செல்லும், ஆனால் போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று நடைமுறைக்கு வரும். அறுபது வயது தாண்டியவர்கள் முதன்முறை போடும்போது பக்கவிளைவு வாய்ப்பு சற்று அதிகம், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் கவனிக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு அறுபத்தைந்து ஆகிறது. ஆகவே இந்த வாரமே இரண்டு பேரும் உங்கள் டாக்டரைப் பார்த்துப் பேசிவிடுங்கள், மகளிடம் பயணத் தேதியை உறுதி செய்வது அதற்குப் பிறகு.